சட்டமன்றம் கண்ட மணிமேகலை

பாட்டரங்கும் ஆய்வரங்குமாகப் பத்தாண்டு வளர்ந்த நம் வட்டத்தின் மலரில், புலவர் ஒருவரைப் பற்றி எழுதுவதே பொருத்தம் என அன்பர் சிலர் கருதலாம். நான் எடுத்துக்கொண்டவர் பாட்டுத் திறத்தால் பெயர் பெற்றவர் அல்லர், மருத்துவர், சட்டமன்றத்தில் அமர்ந்தவர். எனினும், தமிழ்க் காப்பியம் ஒன்று எழுப்பிய வினாவுக்குத் தம் வாழ்க்கையால் விடை தந்தவர். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்தைப் படிக்கும்போது யாழையும் குழலையும் தலைக்கோலையும் வியந்து நிற்கிறோம். அந்த அரங்கிலிருந்து இறங்கியவளுக்கு ஒரு மகள் பிறந்தால் அவள் என்ன ஆவாள் என்று கேட்டவர் சாத்தனார். பாட்டி சித்திராபதி குலவழக்கத்துக்கு அழைக்கிறாள். தாய் மாதவி அவ்வழியை அடைக்கிறாள். மகளோ அமுதசுரபியை ஏந்திப் பசித்தோரைத் தேடிச் செல்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிறாள். இக்காப்பியத்தை வகுப்பில் நடத்தும் போதெல்லாம் அம்மையாரின் முகமே என் மனக்கண்முன் வந்து நிற்கும். காரணம் பின்வருவது.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நிலவிய குலம் அது. கல்வியை ஒரு கையிலும் குலத்தின் மீது உலகம் வைத்த வசையை மறு கையிலும் பெற்றே அக்குழந்தை வளர்ந்தது.

காலத்தே மணம் முடிக்கத் தாயார் விரும்பினார். மகள் படிக்க விரும்பினாள். ஆடவர் மட்டும் பயின்ற மன்னர் கல்லூரியில் பெண்ணொருத்தியைச் சேர்ப்பதா என எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு தந்தார். மற்ற மாணவர் பார்வை படாதவாறு திரைக்குப் பின்னே அமர்ந்து அவர் பாடம் கேட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பரிசுகள் பல பெற்றுத் தேறினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1925இல் இங்கிலாந்து சென்று பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்து மேற்படிப்புப் படித்தார்.

மன்றத்தில் ஒரு பெண்குரல்

சென்னை மாகாணத்தில் 1921இல் வாக்குரிமை பெற்ற மகளிர், சட்டமன்றத்தில் அமரும் தகுதியை 1926இல்தான் பெற்றனர். அவ்வாண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய போட்டியிட்டுச் சிறு வேறுபாட்டில் தோற்றார். இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையால் அம்மையார் நியமன உறுப்பினர் ஆனார். மருத்துவத் தொழிலை விட்டு அறியாத களத்தில் இறங்குவதா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. ஆயினும் ஏற்றார். பிரிட்டிஷ் இந்தியச் சட்டமன்றங்களில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே. மன்றம் அவரைத் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.

அங்கே அவர் அணியாக அமர்ந்திருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண்களுக்குக் கல்விச் சலுகை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, திருமண வயதை உயர்த்தல், விபசார விடுதி ஒழிப்பு என ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தார். நோயாளியின் கட்டிலருகே நின்று கண்டவற்றையே அவர் மன்றத்தில் பேசினார். அவர் சொல்லுக்கு வலிமை தந்தது அதுவே.

அவர் வாழ்வின் பெருஞ்செயல், பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க எடுத்த முயற்சியாகும். 1927 நவம்பரில் அதற்கான தீர்மானத்தை முன்வைத்தார். வழக்கத்தின் வேர் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதை அவர் நன்கு கண்டிருந்தார். கோயிற்பணிக்கு ஈடாக இக்குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. பணி நின்றால் நிலம் போகும். நிலம் நிலைக்க வேண்டுமாயின் மகளுக்குப் பொட்டுக் கட்ட வேண்டும். இம்முடிச்சை அவிழ்க்காமல் அறம் மட்டும் பேசிப் பயனில்லை. ஆதலால் அறநிலையச் சட்டத்தில் 1929இல் ஒரு திருத்தம் நிறைவேறச் செய்தார். பணியிலிருந்து விடுதலை, ஆனால் நிலம் அவர்களுக்கே என்பது அதன் சாரம். வயிற்றை மறவாத அறம் அது; அமுதசுரபி ஏந்தியவளின் அறம்.

எதிர்ப்பு இருபுறமும் எழுந்தது. மரபு கெடும், கலை அழியும் என்றனர் ஒரு சாரார். அக்குலத்துப் பெண்களிலும் ஒரு பகுதியினர் முறையீடு செய்தனர். திருவையாற்றில் தியாகராசர்க்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் ஒருவர். முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவரின் தெலுங்குக் காவியத்தைப் பதிப்பித்த அந்த அறிஞரின் மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தம் குலத்தார் அனைவரையும் ஒரே பழிச்சொல்லில் அடக்குவதை அவர் ஏற்கவில்லை. பிற்காலத்தில் அக்கலை வேறு மேடைகளில் புகழ்பெற்றபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்கள் பலர் ஒளி குன்றிப் போனதும் உண்மையே. மறுபுறம், அதே குலத்தில் தோன்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இவ்வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராய்ப் பேசினார். 1936இல் நாவலும் எழுதினார். சித்திராபதியும் மாதவியும் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் என்பதைக் காப்பியம் அறிந்தவர் மறக்கலாகாது.

வாயிற்படியில் வந்து நின்றவர்கள்

பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் சட்ட முன்வடிவை 1930இல் அம்மையார் கொண்டுவந்தார். அவ்வாண்டு உப்பு அறப்போரில் காந்தியடிகள் சிறைப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் தம் பதவியைத் துறந்தார். அவரது வாழ்க்கையை எழுதுவோர் இவ்விடத்தைத் தியாகம் என்று போற்றி விரைந்து கடந்துவிடுவர். எனக்கு அவ்வாறு கடக்க இயலவில்லை. முன்வடிவைத் தாங்கி நின்ற கை மன்றத்தை விட்டு நீங்கியது. முன்வடிவு கிடப்பில் விழுந்தது. அது சட்டமானது 1947இல். 1930இல் பிறந்த பெண்மகவுக்கு அப்போது வயது 17. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனைச் சிறுமியர் கழுத்தில் பொட்டு ஏறியதோ! நாட்டுக்குச் செலுத்திய கடனுக்கு அச்சிறுமியர் வட்டி கட்டினர் என்று சொன்னால் அது அம்மையாரைக் குறை கூறுவதாகாது. அந்தச் சுமையை அவரைவிட நன்கு உணர்ந்தவர் எவர் இருந்திருக்க முடியும்?

அதற்கான சான்று அவர் அடுத்துச் செய்த செயலில் உள்ளது. தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி வந்தனர். சென்னையின் மாணவியர் விடுதிகள் சாதியின் பெயரால் அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே இடம் தந்தார். 1930இல் இவ்வாறு பிறந்ததே அவ்வை இல்லம். பின்னர் அடையாற்றில் வேரூன்றியது. சட்டம் பலருக்காகக் காத்திருக்கலாம். வாயிற்படியில் வந்து நிற்கும் ஒருத்தி காத்திருக்க முடியாது.

அந்த இல்லத்துக்கு அவர் தேர்ந்த பெயரை நம்போன்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளியிலும் அலுவலகத்திலும் முதலில் கேட்பது தந்தை பெயரை. அதைச் சொல்ல இயலாமல் தலைகுனிந்த சிறுமியருக்கு, இன்னார் மகள், இன்னார் மனைவி என்று எவரும் கேளாத ஒரு தமிழ்ப் பாட்டியின் பெயர் முகவரி ஆயிற்று. தமிழ்ப் புலமையின் பெயர் தமிழ்ப் பெண்களுக்கு இதைவிடச் சிறப்பாய்ப் பயன்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

தங்கையின் பெயரால்

அம்மையாரின் தங்கை சுந்தராம்பாள் 1923இல் புற்றுநோயால் மறைந்தார். நோய் இன்னதென்று உரிய காலத்தில் கண்டறியப்படவில்லை. மருத்துவரான தமக்கை அருகிருந்தும் காக்க இயலவில்லை. அந்தத் துயரை அவர் முப்பதாண்டு நெஞ்சில் சுமந்தார். மாதர் சங்கத்தின் துணையோடு சிறுகச் சிறுக நிதி திரட்டினார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. தாய் தொடங்கியதை மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாள் முழுதும் வளர்த்தனர். 1956இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. 1968 ஜூலை 22ஆம் நாள், 82ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், அவர் மறைந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயர் தாங்கியது. அவர் பிறந்த நாளை மருத்துவமனை நாளாக அரசு 2019இல் அறிவித்தது.

மன்றத்தில் அவர் அமர்ந்திருந்தது நான்காண்டுக்கும் குறைந்த காலமே. அதன் பின்னும் 38 ஆண்டுகள் அவர் பணி தொடர்ந்தது. பாவலராகிய நாம் மாதவிகளைப் பாடுவதில் வல்லவர்கள். இனி ஒரு பெண்ணின் எழிலையோ கலையையோ பாடி முடிக்கையில், அவள் மகள் என்ன ஆனாள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். அவ்வினாவோடு வாழ்ந்த அம்மையாருக்கு இவ்வட்டம் செலுத்தும் உரிய வணக்கம் அதுவாகும்.