ருஸ்தோம் ஜால் வக்கீல்

ருஸ்தோம் ஜால் வக்கீல் (ஜூலை 17, 1911 - நவம்பர் 20, 1974) இந்தியாவைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் ஆவார். சர்ப்பகந்தா என்னும் மூலிகையின் வேர் உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை முறையான மருத்துவ ஆய்வின் மூலம் உலகறியச் செய்தவர் இவரே.

வாழ்க்கை

வக்கீல் மும்பையில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். இலண்டனில் மருத்துவம் பயின்று தாயகம் திரும்பிய பின்னர், மும்பை கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் இதயநோய் மருத்துவராகப் பணியாற்றினார்.

அக்காலச் சிகிச்சையின் நிலை

இரத்த அழுத்தம் மிகையாக உயரும்பொழுது இதயத்தின் இடது கீழறை கடும் எதிர்ப்பிற்கு எதிராக இயங்க வேண்டியுள்ளது. அது தளர்ந்தால் இரத்தம் நுரையீரலில் தேங்கி, காற்றறைகளில் நீர் கசிகிறது. நோயாளி படுக்க இயலாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறுவார். இது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய கடும் இதயச் செயலிழப்பு ஆகும்.

1940களில் இதற்கு மார்பின், டிஜிட்டாலிசு, உயிர்வளி, இரத்தத்தை வெளியேற்றுதல் போன்றவையே கைக்கொள்ளப்பட்டன. நோயின் மூலமான அழுத்தத்தை நீண்டகாலம் கட்டுப்படுத்த நல்ல மருந்து இல்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசுவெல்ட்டுக்கு 1944இல் உயர் இரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் கண்டறியப்பட்டன. டிஜிட்டாலிசு அளிக்கப்பட்டும் அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. 1945 ஏப்ரலில் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் அவர் இறந்தார்.

சர்ப்பகந்தா ஆய்வு

சர்ப்பகந்தா அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. இதன் வேர் பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் இந்திய மருத்துவ முறைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. இது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதாகக் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931இல் எழுதினர். ராம் நாத் சோப்ராவின் குழுவினர் 1933இல் இதன் மருந்தியல் பண்புகளை ஆராய்ந்தனர். எனினும் இச்செய்தி இந்தியாவிற்கு வெளியே பரவவில்லை.

வக்கீல் 50 நோயாளிகளுக்கு இவ்வேரினை அளித்து, அழுத்த மாற்றங்களைத் தொடர்ந்து பதிவு செய்தார். முடிவுகள் 1949இல் பிரித்தானிய இதய ஆய்விதழில் வெளியாயின. அதைத் தொடர்ந்து மேலை நாட்டு மருத்துவர்கள் இதில் ஆர்வம் கொண்டனர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன வேதியியலாளர்கள் வேரிலிருந்து ரெசர்பின் என்னும் முதன்மை வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். நரம்பு முனைகளில் சேமிக்கப்பட்டுள்ள நோரட்ரினலினை இது வெறுமையாக்குவதால் இரத்தக் குழாய்கள் தளர்கின்றன.

அவசர சிகிச்சையில் பயன்பாடு

இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவிற்கு ஏறியபோது ரெசர்பின் ஊசி மூலமாகவும் செலுத்தப்பட்டது. ஆனால் அதன் விளைவு தொடங்க நேரம் பிடித்தது. எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டிக் கணிப்பது கடினம். நோயாளிக்கு உறக்க மயக்கமும் ஏற்பட்டது. நுரையீரலில் நீர் நிறைந்தவருக்கோ ஒவ்வொரு நிமிடமும் முக்கியமானது. எனவே விரைந்து செயல்படும் மருந்துகள் இதன் இடத்தைப் பிடித்தன. தற்போது இரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரின், மிகுதி நீரை வெளியேற்றும் பியூரோசிமைடு, அழுத்தத்துடன் உயிர்வளி அளித்தல் ஆகியவை முதன்மை பெறுகின்றன. மனச்சோர்வு உள்ளிட்ட பக்கவிளைவுகளாலும் ரெசர்பினின் பயன்பாடு மிகவும் குறைந்துவிட்டது.

ஆயினும், நாள்தோறும் உட்கொள்ளும் மருந்தால் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்பதைக் காட்டிய தொடக்ககால மருந்துகளுள் இதுவும் ஒன்று. அழுத்தம் கட்டுக்குள் இருப்பின், அவசர நிலை ஏற்படும் வாய்ப்பே குறைகிறது. வக்கீலின் பணியின் நிலையான பயன் இதுவேயாகும்.

பிற பணிகளும் விருதுகளும்

மாரடைப்புக்கு முந்தைய நிலை குறித்தும் வக்கீல் ஆய்வு செய்து 1960களில் கட்டுரைகள் வெளியிட்டார். அஸ்பி கோல்வாலாவுடன் இணைந்து இவர் எழுதிய நோயாளியைப் பரிசோதிக்கும் முறை பற்றிய பாடநூல் இந்திய மருத்துவ மாணவர்களிடையே பரவலாக அறியப்பட்டதாகும்.

- லாஸ்கர் விருது (1957, வேறு சிலருடன்)
- பத்ம பூஷண் (1958)
- சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு (1965)