ரத்தக்குழாயைத் தைத்த டாக்டர்

தையல் வகுப்பில் ஊசி குத்தி அழுதவங்க எல்லாரும் இவரைப் பற்றிப் படிக்கணும்.

அலெக்சிஸ் காரல் 28.6.1873 அன்று பிரான்ஸில் லியோன் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். 1894-இல் அவர் மருத்துவ மாணவர். அப்போது அந்நாட்டு ஜனாதிபதி சாடி கார்னோவை லியோனில் ஒருவன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை அறுந்துவிட்டது. பெரிய டாக்டர்கள் இருந்தும் அதைத் தைக்கத் தெரியலை. ஜனாதிபதி இறந்துவிட்டார்.

இது காரலை உறுத்திக்கிட்டே இருந்தது. லியோனில் பூத்தையல் போடும் ஒரு அம்மாவிடம் போய் ஊசி பிடிக்கக் கத்துக்கிட்டார். டாக்டருக்குப் படிச்சவர் தையல்காரம்மாவிடம் மாணவர்!

1902-இல் தன் முறையை வெளியிட்டார். அறுந்த குழாயின் வாய் வட்டமா இருக்கும். சம இடைவெளியில் மூணு நூல் போட்டு இழுத்தா வட்டம் முக்கோணம் ஆயிடும். அப்புறம் நேர்க்கோட்டில் தைக்கலாம், பின்பக்கச் சுவர் மாட்டிக்காது. ரத்தம் உறையாமலிருக்க நூலில் வாசலின் தடவினார்.

1908-இல் நியூயார்க்கில், பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. அப்பாவின் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் கால் சிரையோடு காரல் தைத்தார். வெளுத்துப் போன குழந்தை சிவந்து, பிழைத்தது. 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைக்கு அம்மாவோ அப்பாவோ தன் கல்லீரலில் ஒரு துண்டைப் பிள்ளைக்குக் கொடுக்கிறாங்க. 1989-இல் ஆஸ்திரேலியாவில் இது முதலில் வெற்றி பெற்றது. தைச்சதோட பயம் தீராது. பிள்ளையின் தமனி 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் ரத்தம் உறைஞ்சா பித்தநாளம் அழுகும், புதுக் கல்லீரலே போய்விடலாம். சிரையும் அடைக்கலாம், சுருங்கலாம். அதனால் முதல் நாட்களில் டாப்ளர் ஸ்கேன் வைத்து ரத்தம் ஓடுதான்னு அடிக்கடி பார்க்கிறாங்க. அடைச்சிருந்தா மறுபடி திறந்து தைக்கணும். அதிலும் சரியாகலைன்னா வேறு கல்லீரல் தேடணும்.

கடைசி விஷயத்தை எழுதாம விட்டுடலாமான்னு யோசிச்சேன். 1935-இல் எழுதிய புத்தகத்தில், மனநலம் சரியில்லாத குற்றவாளிகளை வாயு செலுத்திக் கொன்றுவிடலாம் என்று காரல் சொன்னார். அந்தக் குழந்தையைக் காப்பாற்றின கையா இதை எழுதுச்சுன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு அடங்கி நடந்த பிரெஞ்சு அரசு கொடுத்த பதவியிலும் இருந்தார். அதற்காக அவர் மேல் குற்றச்சாட்டு வந்தது. விசாரணை நடக்கும் முன்பே, 5.11.1944 அன்று பாரிஸில் இறந்தார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி