ஐடா ஸ்கடர்: பென்சிலின் வருவதற்கு முன் வேலூரில் பிரசவம் பார்த்த டாக்டர்

வேலூர் சி.எம்.சி.யைத் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், தன் டாக்டர் வாழ்க்கையின் பெரும்பகுதியை ஆன்டிபயாட்டிக் இல்லாமலேயே ஓட்டியவர்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா, தாத்தா இருவரும் மருத்துவ மிஷனரிகள். ஐடாவுக்கோ இங்கே தங்கும் எண்ணமே இல்லை. அமெரிக்காவில் படித்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவச் சிக்கல். ஐடாவின் அப்பா டாக்டர்தான், வரவும் தயார். ஆனால் ஆண் பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா மருத்துவம் படிக்க முடிவெடுத்தது அப்போதுதான்.

1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சை ஆரம்பம். 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை. 1909-ல் ஒரு பீஜோ கார் வந்தது. அதில் குடியாத்தம் சாலையில் போய், வழியில் மரத்தடியிலேயே நோயாளிகளைப் பார்த்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

அந்தக் காலத்தில் பிரசவம் நல்லபடியா முடிந்தாலும் நிம்மதி கிடையாது. சில நாளில் காய்ச்சல் வரும். ஊர்ப்பக்கம் ஜன்னி என்று சொன்னதில் இதுவும் சேரும். இதற்கு முக்கியக் காரணம் 'ஏ' வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டை வலி தரும் அதே கிருமிதான். ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிரையே எடுத்துவிடும். சுத்தமான கை, கொதிக்க வைத்த கருவிகள்: தடுக்க இவ்வளவுதான் வழி. வந்துவிட்டால் மருந்தே இல்லை. 1930-களின் நடுவில் சல்ஃபா மருந்தும், 1940-களில் பென்சிலினும் வந்து நிலைமையை மாற்றின. 1946-ல், 75 வயதில் ஐடா ஓய்வு பெற்றார். அதாவது, சரியான ஆயுதம் கைக்கு வந்த நேரத்தில் அவர் களத்தை விட்டு விலகினார். 1960-ல் கொடைக்கானலில் காலமானார்.

ஆச்சரியம் என்னவென்றால், 'ஏ' வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்று வரை பென்சிலினுக்குப் பணிகிறது. அசித்ரோமைசின் வகை மருந்துகளில் கதை வேறு. அங்கே எதிர்ப்புச் சக்தி பல நாடுகளில் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் நம்ம ஊரில் தொண்டை கரகரத்தாலே கேட்டு வாங்குவது அதைத்தான். 2019-ல் இந்தியத் தனியார் சந்தையில் அதிகம் விற்ற ஆன்டிபயாட்டிக், அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரை.

நிமோனியா, மூளைக் காய்ச்சல் தரும் நிமோகாக்கஸும் இதே குடும்பம்தான். 1993 முதல் 1997 வரை சி.எம்.சி. உட்பட பல இந்திய மருத்துவமனைகளில் 300-க்கும் மேற்பட்ட நிமோகாக்கஸ் மாதிரிகளைச் சோதித்தார்கள். பென்சிலினுக்கு ஓரளவு எதிர்ப்புக் காட்டியவை நான்கே நான்கு. சளி, காய்ச்சலுக்கு அப்போது சகஜமாக எழுதிக் கொடுக்கப்பட்ட கோ-ட்ரைமாக்சசோலை எதிர்த்தவை பாதிக்கும் மேல்.