நகரும் நிலத்தைக் கண்ட அறிஞர் வெகனர்

நாம் நிற்கும் நிலம் இருந்த இடத்திலேயே இருப்பது என்று மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். அந்நம்பிக்கையை மாற்றியவர் ஆல்பிரட் வெகனர் என்னும் அறிஞர் ஆவார்.

இவர் 1880ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தார். வானநூல் பயின்று 1905இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் வானிலை ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1906இல் தம் தமையனாருடன் பலூனில் ஏறி, 52 மணி நேரத்திற்கும் மேலாக வானில் பறந்து சாதனை புரிந்தார்.

உலகப் படத்தை நோக்கிய வெகனர், தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் உடைந்த சட்டியின் இரு துண்டுகள் போலப் பொருந்துவதைக் கண்டார். உருவப் பொருத்தம் மட்டும் சான்றாகாது என்று மேலும் ஆராய்ந்தார். இரு கரைகளிலும் ஒத்த பாறைகள் இருந்தன. பெருங்கடலை நீந்திக் கடக்க இயலாத மெசோசாரஸ் என்னும் ஊர்வனவற்றின் எலும்புகள் இரு நிலங்களிலும் கல்லாய்ப் படிந்திருந்தன. ஆகவே, ஒரு காலத்தில் கண்டங்கள் யாவும் ஒன்றாயிருந்து பிரிந்தன என்று 1912இல் அறிவித்தார். 1915இல் நூலாகவும் வெளியிட்டார்.

அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. சிலர் எள்ளி நகையாடினர். கண்டங்களை நகர்த்தும் ஆற்றல் எது என்பதை அவரால் விளக்க இயலாமற்போனதே அதற்குக் காரணம். எனினும் அவர் மனந்தளரவில்லை. புதிய சான்றுகளைச் சேர்த்து நூலைத் திருத்தி வந்தார்.

1930இல் ஆராய்ச்சிக் குழுவொன்றின் தலைவராகக் கிரீன்லாந்து சென்றார். கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உள்ளே, பனிப்பரப்பின் நடுவில் தோழர் இருவர் தங்கியிருந்தனர். அவர்களுக்கு உதவ, கடுங்குளிரில் நாய்கள் இழுக்கும் வண்டியில் பயணம் செய்து அவ்விடம் சேர்ந்தார். அங்கிருந்த உணவு அனைவருக்கும் போதாது. ஆதலால், தமது ஐம்பதாம் பிறந்த நாளன்று, ராஸ்மஸ் வில்லும்சன் என்னும் கிரீன்லாந்து இளைஞருடன் கரை நோக்கிப் புறப்பட்டார். இருவருமே கரை சேரவில்லை. மறு ஆண்டு மே மாதம் வெகனரின் உடல் பனியில் கண்டெடுக்கப்பட்டது. வில்லும்சன் உடல் கிடைக்கவேயில்லை.

1960ஆம் ஆண்டுகளில் கடலடித் தரையை ஆராய்ந்தோர், அங்குப் புதிய பாறை தோன்றி இருபுறமும் விலகிச் செல்வதை அறிந்தனர். புவியின் மேலோடு பல தட்டுகளாக, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் நகர்கின்றது என்பது தெளிவாயிற்று. தட்டுகள் மோதுமிடத்தில் இமயம் போன்ற மலைகள் எழுகின்றன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை பினாங்கு, கெடா கரைகளைத் தாக்கியதும், சுமத்திராவை ஒட்டி ஒரு தட்டு மற்றொன்றின் கீழ்ச் செல்லும் எல்லையில் நேர்ந்த நில அதிர்ச்சியாலேயே.

மாணவச் செல்வங்களே! தாம் கண்ட உண்மை வெல்வதைக் காண வெகனர் உயிரோடில்லை. ஆயினும் உண்மை வென்றது. நாமும் கூர்ந்து நோக்குவோம், சான்று தேடுவோம், பிறர் நகைப்பினும் தளராது உழைப்போம்.