குருதிக் குழாயைத் தைத்த பேரறிஞர்

ஆற்றுநீர் கால்வாய்களின் வழியே பாய்ந்து வயலை வாழ்விக்கின்றது. அதுபோலவே குருதி தமனிகளின் வழியே பாய்ந்து உடலை வாழ்வித்து, சிரைகளின் வழியே இதயத்திற்கு மீள்கின்றது. கால்வாய் உடைந்தால் மண்ணிட்டு அடைக்கலாம். குருதிக் குழாய் அறுந்தால் என் செய்வது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அதனை இணைப்பதற்கு நம்பத்தக்க வழி மருத்துவரிடம் இல்லை. அவ்வழியைக் கண்டு உலகிற்கு உதவியவர் அலெக்சிஸ் காரெல் என்னும் பிரெஞ்சு அறிஞர்.

காரெல் 1873ஆம் ஆண்டு, பட்டு நெசவிற்குப் பெயர்பெற்ற லியோன் நகருக்கு அருகில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார்; அன்னையின் அரவணைப்பில் வளர்ந்து மருத்துவம் பயின்றார். 1894ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகருக்கு வந்தபோது கொலைஞன் ஒருவனால் குத்துண்டார். கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அறுபட்டது. அறுவை மருத்துவர் சூழ்ந்து நின்றும் குருதிப் பெருக்கை நிறுத்த இயலவில்லை. தலைவர் அன்றிரவே உயிர்நீத்தார். நாடே கலங்கியது. அறுந்த குழாயைத் தைக்க ஏன் இயலாது என்னும் வினா மாணவரான காரெலின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

குழாயைத் தைப்பது எளிதன்று. அதன் உட்சுவர் மிக மென்மையானது. அது சிறிது சிதைந்தாலும் அவ்விடத்தில் குருதி உறைந்து வழியை அடைத்துவிடும். ஆதலின் காரெல் லியோன் நகரப் பூவேலைக்காரி ஒருவரை நாடி, நுண்ணூசியால் தைக்கும் கலையைக் கற்றார். கற்றறிந்த மருத்துவர் கைத்தொழிலாளரிடம் மாணவராக அமர்வதை இழிவென எண்ணவில்லை. மெல்லிய பட்டுநூலில் வாசலின் தடவினார். குழாயின் வட்டமான வாயில் மூன்று இடங்களில் தையலிட்டு இழுத்து, அதனை முக்கோணமாக்கினார். வளைந்த விளிம்பு நேராயிற்று, தைப்பதும் எளிதாயிற்று. இம்முறையை 1902இல் வெளியிட்டார்.

தாய்நாட்டில் தக்க பதவி கிட்டாமையால் 1904இல் கடல் கடந்தார். சிகாகோவில் கத்ரி என்பாருடன் ஆய்ந்து, தமனியின் இடத்தில் சிரையைப் பொருத்தினால், அதன் சுவர் தடித்துத் தமனியின் வேலையைச் செய்யும் என்று கண்டார். 1906இல் நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வெட்டியெடுத்த குழாய்களைக் குளிர்பெட்டியில் பல நாள் காத்துப் பின்னர்ப் பொருத்தியும் வெற்றி கண்டார். குழாய் உலரலாகாது, நசுங்கலாகாது, மாசுபடலாகாது என்பன அவர் கைக்கொண்ட விதிகள்.

1908இல், பிறந்து சில நாள்களே ஆன பெண்குழவி ஒன்று குருதி ஒழுகி இறக்கும் நிலையில் இருந்தது. காரெல் தந்தையின் கைத்தமனியைக் குழவியின் காற்சிரையோடு இணைத்துத் தைத்தார். தந்தையின் குருதி மகவின் உடலிற் பாய, வெளிறிய மேனி சிவந்தது. குழவி பிழைத்தது.

1910இல் அவர் வெளியிட்ட ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. குளிரில் காத்த தமனி ஒன்றை நாயின் பெருந்தமனிக்கும் இதயத்தமனிக்கும் இடையே பாலம்போல் பொருத்தினார். தைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. இதயமோ மூன்று நிமிடத்திலேயே தடுமாறியது. நாய் இரண்டு மணி நேரத்திற்குள் இறந்தது. அத்தோல்வியையும் அவர் மறையாது எழுதினார். 1912இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவரை அடைந்தது.

முதல் உலகப் போரில், வேதியியலறிஞர் டேக்கினுடன் சேர்ந்து, புண்களைக் கழுவித் தூய்மை செய்யும் முறையை வகுத்து வீரர் பலரைக் காத்தார். மனித இனத்தில் உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரித்து அவர் பிற்காலத்தில் எழுதிய கருத்துகள் ஏற்கத்தக்கன அல்ல. அறிஞரிடத்தும் குணம் நாடிக் குற்றமும் நாடுதல் நம் கடன். 1944இல் பாரிஸ் நகரில் காரெல் மறைந்தார்.

1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மருத்துவர் பவலோரோ, நோயாளியின் காற்சிரையை எடுத்து, அடைபட்ட இதயத்தமனிக்கு மாற்றுவழி அமைத்தார். அம்முறை உலகெங்கும் பரவியது. எடுத்த சிரையின் உட்சுவர் சிதையாமல், அதனை உலரவிடாமல் காப்பதே இன்றும் அறுவை மருத்துவர் பேணும் முதற்கடமை. பூவேலைக்காரியின் ஊசி கற்பித்த பொறுமை இவ்வாறு எண்ணற்ற உயிர்களைக் காத்துவருகின்றது.