பெஞ்ஜமின் பிராங்க்ளின்

ஐப்பசித் திங்களில் இடிமழையின்போது சாந்தோம் நெடுஞ்சாலை வழியே செல்லும் மாணவர், 155 அடி உயர்ந்த தேவாலயக் கோபுரத்தை ஒருமுறையேனும் அச்சத்தோடு அண்ணாந்து நோக்கியிருப்பர். இத்தகைய உயர்ந்த கட்டிடங்களை இடியினின்று காக்கும் உபாயத்தை உலகிற்கு அளித்தவர் அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்ஜமின் பிராங்க்ளின் ஆவர்.

அவர் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்ற ஒருவரின் 15-ஆவது மகவாகப் பிறந்தார். பத்து வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பயின்று, 17-ஆம் வயதில் அங்கிருந்து ஓடி, பிலடெல்பியாவில் தாமே அச்சகம் நிறுவிப் பொருளீட்டினார். 42-ஆம் வயதில் தொழிலை விடுத்து இயற்கை ஆராய்ச்சியில் மனஞ் செலுத்தினார். அரசியலில் அவர் ஆற்றியவற்றை ஈண்டு விரிக்கப் புகுந்தோமில்லை.

1752-ல் அவர் காற்றாடி விட்ட கதையைச் சிறுவரும் அறிவர். அதனினும் பெரிதென யாம் கருதுவது, 1753-ஆம் ஆண்டுக்கென அவர் அச்சிட்ட பஞ்சாங்கத்தில் கண்ட சிறு குறிப்பே. இரும்புக் கம்பியின் ஒரு முனை ஈரமண்ணில் மூன்று நான்கு அடி ஆழம் புதைந்திருத்தல் வேண்டும். மறுமுனை கூரைக்கு மேல் ஆறு முதல் எட்டு அடி நிமிர்ந்து நிற்றல் வேண்டும். வீடு நீண்டதாயின் இரு கோடிகளிலும் கம்பி நாட்டி, கூரை முகட்டின்மேல் ஒரு கம்பியால் இரண்டையும் இணைத்தல் வேண்டும். மண்ணும் இணைப்புமே இம்முறைக்கு உயிர்.

மண்ணை விடுத்ததன் பயனை அவ்வாண்டே உலகம் கண்டது. பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிக்மன் என்னும் பேராசிரியர், மின்னலின் வலிமையை அளக்க விரும்பிக் கூரைக் கம்பியைத் தம் அறைக்குள் கொணர்ந்தார், பூமியோடு சேர்த்தாரில்லை. பாய்ந்த மின்னல் அவர் தலை வழியே சென்றது. அக்கணமே மாண்டார்.

இணைப்பை விடுத்ததன் பயனோ இங்கிலாந்தில் வெளிப்பட்டது. தேம்ஸ் நதிக்கரையிலுள்ள பர்ப்லீட் வெடிமருந்துச் சாலைகளுக்குப் பிராங்க்ளின் முதலியோர் அடங்கிய குழு 1772-ல் கூறிய யோசனைப்படி கம்பிகள் நாட்டப்பட்டன. ஆயினும் 1777 மே 15-ல் அங்குள்ள ஒரு கட்டிடத்தின் மதிற்கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பற்றில் இடி விழுந்து, சில செங்கற்கள் பெயர்ந்தன. அவ்விரும்பு தலைமைக் கம்பியோடு சேராது தனித்து நின்றது. கூர்முனையே குற்றமென்று சிலர் வாதிட, மன்னரும் மழுங்கிய முனையை மேற்கொண்டனர். ஆராய்ந்த அறிஞரோ, பற்றுக்களையெல்லாம் ஈயத்தால் ஒன்றோடொன்று கோத்துத் தலைமைக் கம்பியுடன் சேர்க்குமாறு கூறினர். அன்று அமெரிக்கக் கிளர்ச்சியின் தூதராகப் பாரிஸிலிருந்த பிராங்க்ளின் அவ்வாதத்தில் தலையிடவில்லை.

இற்றைத் தொழிற்சாலைகளில் மோட்டாரின் உறை, சுவிட்சுப் பெட்டி, கம்பி செல்லும் இரும்புக் குழாய் யாவற்றையும் பிணைத்து எர்த் செய்வதும் இவ்வழி வந்ததே. ஆங்கு நோக்கம் சிறிது வேறு: பழுதுற்ற கம்பி உறையைத் தீண்டினால், மின்சாரம் இணைப்பின் வழியே பெருகிப் பியூஸ் உடனே எரிதல் வேண்டும். குழாயின் ஒரு மூட்டுத் தளர்ந்திருப்பினும் பியூஸ் எரியாது. தொட்ட தொழிலாளியே வழியாகிவிடுவான்.

பிராங்க்ளின் 1785-ல் தாயகம் திரும்பினார். பின்னர்த் தம் வீட்டுக் கம்பியை நோக்குகையில், ஒன்பது அங்குலச் செம்பு முனை பெரும்பாலும் உருகிப்போயிருந்தது. அவர் கடல்கடந்து வாழ்ந்த காலத்தில் இடி விழுந்திருக்கிறது. வீட்டிற்கோ யாதோர் ஊறுமில்லை. 1790 ஏப்ரல் 17-ல், தம் 84-ஆம் வயதில், அந்நகரிலேயே அவர் காலமானார்.