சேர் பொன்னம்பலம் இராமநாதன்

இலங்கைச் சட்டநிரூபண சபையிலே இருமுறை அங்கத்தினராகி, ஏறக்குறைய 32 வருஷம் வீற்றிருந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1851 ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தார். அங்கும் சென்னையிலும் பயின்று, சேர் றிச்சாட் மோர்கனிடம் சட்டங் கற்று நியாயதுரந்தரராயினார்.

1879 இல் அவர் மாதுலராகிய சேர் முத்துக்குமாரசுவாமி காலஞ்செல்லவே, தமிழர் பிரதிநிதி ஸ்தானம் வெறுமையாயிற்று. அக்காலத்தில் வாக்கெடுப்பில்லை, தேசாதிபதி நியமிப்பவரே அங்கத்தினர். பிறிற்றோ என்பாரைச் சிலர் விரும்ப, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் யாழ்ப்பாணத்திலே கூட்டங் கூட்டி இராமநாதனுக்காகப் பரிந்து பேசினார். ஸ்தானம் இராமநாதனுக்கே கிடைத்தது. நாவலர் அவ்வாண்டிறுதியிற் சிவபதமடைந்தார்.

1892 முதல் 1906 வரை அவர் வகித்த சொலிசிற்றர் ஜெனரல் உத்தியோகத்தை ஈண்டு விரித்தல் வேண்டா. 1911 இற் படித்த இலங்கையருக்கென ஓராசனம் வகுக்கப்பட்டது. தீவு முழுவதிலும் அதற்கு வாக்காளர் ஏறக்குறைய மூவாயிரவரே. வைத்தியர் மாக்கஸ் பெர்னாண்டோவை வென்று இராமநாதன் தெரிவாயினார். சிங்களவரிடையிலிருந்த சாதிப்பிணக்கும் அவ்வெற்றிக்குத் துணையாயிற்றென்பதை மறைத்தல் நேர்மையன்று.

1915 இற் சிங்களவருக்கும் சோனகருக்கும் கலகம் மூண்டு இராணுவச் சட்டம் பிறந்தது. முறையான விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். சிங்களத் தலைவர் பலர் சிறையுற்றனர். பிறர் வாய்திறக்க அஞ்சிய அந்நாளிலே சபையில் எழுந்து, அதிகாரிகளின் கொடுமைகளை ஒவ்வொன்றாய் எடுத்துரைத்தவர் இராமநாதன். நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்த யுத்தகாலக் கடலைக் கடந்து இங்கிலாந்து சென்றும் முறையிட்டார். மீண்டபோது கொழும்பிலே சிங்களவர் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவர் வண்டியைத் தாமே இழுத்தனர். தம் இழப்புக்களை அவர் அத்துணை பேசிலர் என்ற மனத்தாங்கல் சோனகருக்கு நெடுநாளிருந்தது, அது காரணமற்றதன்று.

டொனமூர் ஆணைக்குழுவினர் 1928 இற் சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கு வாக்களித்தலையும் ஒப்பிலர். 1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவரே இங்ஙனம் நின்றார்! இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கினாற் தமிழர் நலிவர் என்று அவர் அஞ்சியதை வீணென்று தள்ள இயலாது. ஏழைக்கும் பெண்ணுக்கும் வாக்கு வேண்டாவென்றதோ வேறு விஷயம். இரண்டையும் ஒரு தராசிலிடலாகாது.

1929 டிசம்பரிலே அத்திட்டம் 19 க்கு 17 என்ற வாக்குக்களாற் சபையில் நிறைவேறியது. 1930 நவம்பரில் இராமநாதன் தேகவியோகமானார். மருதனார்மடத்துக் கல்லூரி வளவிலே அவருக்குச் சமாதி அமைந்தது. மறுவருஷத் தேர்தலிலே, அத்திட்டம் பூரண சுயராச்சியந் தரவில்லையென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் பகிஷ்கரிக்க, அப்பகுதியின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன.